அப்பத்தாவும் 27½ அங்குலமும்

பி.காம் கடைசி வருடம் படிக்கிற பெண்ணுக்கும் இழைப்புளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் மேஜை தயாரிக்கும் கம்பெனிக்கு எத்தனையோ தடவை காஸ்ட் ஷீட் போட்டிருக்கிறேன். மரம் இவ்வளவு, கூலி இவ்வளவு, மேற்செலவு இவ்வளவு. அந்த மேஜையின் உயரம் என்ன, அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று எந்தக் கணக்கிலும் யாரும் கேட்டதில்லை. இந்தக் கோடை லீவில் எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு ஒரு சின்ன மர வேனிட்டி செய்தேன். அங்கே முதல் கேள்வியே அதுதான்.

வேனிட்டி என்றால் வேறொன்றுமில்லை. மேலே வாஷ்பேசின், கீழே அலமாரி. கடைக்காரர்கள் வைத்த பெயர். (ஆங்கிலத்தில் தற்பெருமைக்கும் அதே சொல்தான். யார் எதற்காக வைத்தார்களோ!) எங்களுக்கு அது தேவைப்பட்டது அப்பத்தாவுக்காக.

2023-ல் அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறார். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. எங்கள் பாத்ரூமில் இருந்த பேசினோ தரையிலிருந்து 33 அங்குலம், நிற்கிறவர்களுக்கான உயரம். அதனால் தினமும் காலையில் ஹாலில் நாற்காலி போட்டு, அம்மா ஒரு கையில் சொம்பும் மறு கையில் பிளாஸ்டிக் தொட்டியுமாக நிற்பார். எல்லோருக்கும் முன்னால் எழுந்து முகம் கழுவித் திருநீறு பூசியே பழகியவர் அப்பத்தா. இப்போது அம்மா எழும்வரை விழித்தபடியே படுத்திருப்பார். "வாயக் கொப்புளிக்கக்கூட ஒரு ஆளு வேண்டியதாப் போச்சேத்தா" என்று ஒருநாள் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

நானும் அப்பாவும் மதுரையில் நாலு கடை ஏறி இறங்கினோம். ரெடிமேடாக இருந்த எல்லாமே 32 முதல் 34 அங்குல உயரம். கீழே அலமாரி மூடியிருப்பதால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். பாதிக்கு மேல் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரச் சில்லுகளைப் பசை போட்டு அழுத்திய பலகை. மேலே ஒட்டிய தாள் ஒரு இடத்தில் விட்டுப்போனால் போதும், தண்ணீர் இறங்கி ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பிவிடும்.

உட்கார்ந்து பயன்படுத்த ஏதாவது அளவு இருக்கிறதா என்று தேடினேன். அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 2010-ல் வெளியான அளவுகள் கிடைத்தன. பேசின் விளிம்பு 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, கீழே முழங்காலுக்கு 27 அங்குலம் காலியாக இருக்க வேண்டும் என்கின்றன. வீல்சேரில் வருகிற எல்லோருக்கும் பொருந்தும்படி போட்ட நல்ல அளவு. ஆனால் எங்கள் அப்பத்தாவின் மொத்த உயரமே 4 அடி 9 அங்குலம். அந்த பேசின் முன்னால் உட்கார்ந்தால் விளிம்பு அவர் தோளை எட்டிவிடும்.

ஆகவே டேப்பை எடுத்து அப்பத்தாவையே அளந்தேன். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடத் தாழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு 17 அங்குல ஸ்டூல் சரியாக வந்தது. அதில் உட்கார்ந்தால் தொடையின் மேற்புறம் தரையிலிருந்து 21 அங்குலம், மடக்கிய முழங்கை 25 அங்குலம். பேசின் குழியின் ஆழம் 5½. குழியின் அடிப்பாகம் தொடைக்கு மேலே ஒரு அங்குலமாவது தள்ளி 22-ல் இருக்க வேண்டும். 22-உம் 5½-உம் சேர்ந்தால் விளிம்பு 27½ அங்குலம். எந்தக் கடையிலும் இல்லாத உயரம் இப்படித்தான் வந்தது.

அடுத்து மரம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்டர்நெட்டில் பார்க்கிற வேனிட்டி எல்லாம் தரை காய்ந்தே இருக்கிற பாத்ரூமுக்கானவை. அவர்கள் குளிப்பது தொட்டியிலோ கண்ணாடி அறையிலோ. நாம் வாளியும் மக்குமாகக் குளித்தால் நாலு சுவரும் நனையும், தரை முழுக்க ஓடும். அதனால் தண்ணீர் படாமல் காப்பாற்ற முடியாது. பட்ட தண்ணீர் சீக்கிரம் காயும்படி செய்ய வேண்டும்.

பிளைவுட் யோசித்தோம். வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன், ஐஎஸ் 303 முத்திரையில் எம்.ஆர் என்று போட்டிருந்தால் அது ஈரக்காற்றை மட்டும் தாங்கும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐஎஸ் 710, மரைன் பிளை. அதன் பசை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு வகை, கொதிநீரிலேயே விடாது. ஆனால் எங்களுக்கு வேண்டியது பலகைப் பெட்டி இல்லை, காற்றோட்டமான ஒரு சட்டம். ஆகவே வீடு இடித்த மரம் விற்கிற கடையில் ஒரு பழைய தேக்கு நிலைச்சட்டம் வாங்கினோம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, செல்லும் ஈரமும் எளிதில் அண்டாது. பல வருடம் காய்ந்த மரம் என்பதால் இனிமேல் முறுக்கிக்கொள்ளும் பயமும் குறைவு. காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்து, உள்ளே ஒளிந்திருந்த ஆணிகளைப் பிடுங்கிய பிறகுதான் ரம்பம் வைத்தோம். கால்கள் நாலும் 2 அங்குலச் சதுரம், குறுக்குச் சட்டங்கள் ஒன்றரைக்கு இரண்டரை. எல்லாம் சேர்த்து, சேதாரத்தோடு ஒரு கன அடி. அதாவது 1,728 கன அங்குலம்.

"தோம்" என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கிற ஆசாரி மாமா. உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் அவருடையது. காலில் பள்ளம், குறுக்குச் சட்டத்தின் நுனியில் அதில் நுழைகிற நாக்கு. நாக்கின் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, எங்களுக்கு அரை அங்குலம். "கையால தள்ளுனா பாதி போகணும் பாப்பா, மீதி கொட்டாப்புளிக்குத்தான் போகணும்" என்பது அவர் கொடுத்த ஒரே சூத்திரம். எட்டு மூட்டுக்கும் அதுவே போதுமாக இருந்தது.

மரத்தைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்று, அது நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் ஈரத்துக்கு ஊதிச் சுருங்கும். அதனால் அலமாரிப் பக்கத்துக்கு அகலப் பலகை வைக்காமல், இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன ரீப்பர்களை அடித்தோம். பின்பக்கம் அடைக்கவே இல்லை. காலின் அடிப்பக்கம் ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை உறிஞ்சும், எனவே அங்கே எப்பாக்ஸி பூசி, கீழே ஆளுக்கொரு கிரானைட் துண்டு வைத்தோம். திருகுகள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்புத் திருகு துருப்பிடிப்பதோடு தேக்கையும் கறுப்பாக்கிவிடும். பி.யு. பாலிஷ் மூன்று கோட், வெளியே தெரியாத உள்பக்கங்களுக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மற்றப் பக்கம் ஈரம் குடித்துச் சட்டம் வளையும்.

மேலே கிரானைட் வெட்டுத்துண்டு. இடதுபக்கம் 20 அங்குலம் காலுக்குக் காலியிடம். வலதுபக்கம் ஒரு சின்ன அலமாரி, அப்பத்தாவின் பல்பொடி, துண்டு, திருநீற்றுச் சம்புடம் கைக்கெட்டும் தூரத்தில். முன்சட்டத்தை மட்டும் உருட்டாக இழைத்தோம், எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள. பிடித்து இழுத்தால் எல்லாமே முன்னால் சாயுமே! அதனால் பின்சட்டத்தைச் செங்கல் சுவரோடு நாலு ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கினோம். அப்பா தன் 74 கிலோவையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தார். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அப்பத்தாவைக் கூப்பிட்டோம்.

சரி, என் பாடத்துக்கு வருகிறேன். தேக்கு 2,800 ரூபாய். கல்லும் துளை வெட்டும் 1,100. பேசின் 1,450. குழாய், பாட்டில் ட்ராப், பைப் 1,250. பசை, திருகு, பாலிஷ், உப்புத்தாள் 1,150. பிளம்பர் கூலி 600. ஆக 8,350. கடையில் பார்த்த ரெடிமேட் 7,500. என்னுடைய ஒன்பது நாள் உழைப்பையும் ஆசாரி மாமாவின் இரண்டு நாளையும் சேர்த்தால் இன்னும் எகிறும். புத்தகக் கணக்குப்படி ரெடிமேடுதான் லாபம். அதில் அப்பத்தா உட்கார முடியாது என்பதற்கு காஸ்ட் ஷீட்டில் வரி கிடையாது.

ஆசாரி மாமா காசு வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய எஸ்டிமேட்களை எழுதிக் கொடுக்கிறேன். பழைய நோட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. மரம், கூலி, ஆட்டோ வாடகை எல்லாம் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அளவெடுக்கிற அரை நாளுக்கு மட்டும் அவர் எங்கேயும் ஒரு பைசா போட்டதில்லை. "அளக்கறதுக்கெல்லாமா காசு கேப்பாங்க?" என்கிறார். தொழிற்சாலை நம்மை அளக்காததால்தான் மலிவாகக் கொடுக்கிறது. ஆசாரி அளந்து கொடுக்கிறார், அதற்குக் கூலி கேட்பதில்லை. கேட்காததால் அந்த அரை நாளின் மதிப்பு நமக்கும் தெரிவதில்லை, வித்தியாசம் வெறும் விலையாகத்தான் கண்ணில் படுகிறது. இப்போது நான் எழுதுகிற எஸ்டிமேட்களில் முதல் வரி "அளவெடுப்பு: ரூ. 300". இரண்டு பேர் பேரம் பேசினார்களாம், மூன்றாமவர் கேள்வி கேட்காமல் கொடுத்தாராம்.

உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் தச்சு வேலை எல்லாம் கற்றுக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஒரு டேப் எடுத்துக்கொண்டு மூன்று அளவு மட்டும் எடுங்கள். அவர்கள் உட்கார்ந்தால் தொடை எவ்வளவு உயரம், முழங்கை எவ்வளவு உயரம், கை எவ்வளவு தூரம் எட்டுகிறது. அதைத் தாளில் எழுதி, உங்கள் பேசின், சுவிட்சு, அலமாரி ஆகியவற்றின் உயரத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள். அளவெடுக்க வந்ததற்குச் சேர்த்துக் கூலி கொடுங்கள்.