விசில் என் கையில்



முட்டியில் அடிபட்டதால் இந்த வருஷம் ஃபுட்பால் டீமில் நான் இல்லை. "சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுடா" என்றார் பி.டி. சார். அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் யோசஃப் உரிடில் பற்றிப் படித்தேன். ஆஸ்திரியாவில் வியன்னாக்காரர். ராணுவ டாங்கி மாதிரி மோதுவாராம், பட்டப்பெயரே 'டாங்கி'! 1921-இல் ஒரு மேட்ச். இவருடைய ராப்பிட் அணி 1-5 என்று பின்தங்கி, கடைசியில் 7-5 என ஜெயித்தது. ஏழு கோலும் இவரே!

ஆட்டத்தை விட்டபின் நாடு நாடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். 1934 உலகக் கோப்பையில் ருமேனியாவின் பயிற்சியாளர். முதல் மேட்சிலேயே 1-2 தோல்வி. ஆனாலும் விடவில்லை. 1954-இல் இவர் பயிற்சியில் ராப்பிட் ஆஸ்திரிய சாம்பியன்!

தம்பிகளா, நாளை சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்துடுங்க!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்