துவக்கில் அடித்த மூன்று எழுத்து



பப்ஜி விளையாடுகிற எங்கள் மாணவர்களுக்குக் கார் 98கே துவக்கை நன்றாகத் தெரியும். எவ்வளவு தூரம் சுடும், ஒரே சூட்டில் ஆள் விழுமா என்று எங்களுக்கே பாடம் எடுப்பார்கள். அது இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் காலாட்படை தோளில் சுமந்த உண்மையான துவக்கு என்றால்தான் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்போது நாங்கள் ஒன்று கேட்போம்: நூதனசாலையில் அப்படி ஒரு துவக்கைக் கண்டால், அது எந்த வருடம், எங்கே செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

"சீரியல் நம்பரைப் பார்ப்போம் சேர்" என்று உடனே பதில் வரும்.

அது மட்டும் போதாது. ஜேர்மன் தொழிற்சாலைகள் 1இல் தொடங்கி, பத்தாயிரத்தை நெருங்கியதும் மறுபடி 1இல் தொடங்கின. இந்தமுறை இலக்கத்துக்குப் பின்னால் 'ஏ' சேரும். அடுத்த சுற்றுக்கு 'பீ'. புது வருடம் பிறந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி வரிசை வேறு. ஆகவே ஒரே இலக்கம் பல துவக்குகளில் இருக்கலாம். வருடமும் தொழிற்சாலையும் தெரிந்த பிறகுதான் அந்த எழுத்து உதவும், வருடத் தொடக்கத்தில் செய்ததா, பிந்திச் செய்ததா என்று சொல்ல.

வருடம் இருப்பது வேறு இடத்தில். குழாய் வந்து பொருந்துகிற இரும்பு வளையத்தின் மேற்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முதலாம் உலகப் போருக்குப் பின் வேர்செய்ல்ஸ் உடன்படிக்கை ஜேர்மன் தரைப்படையை ஒரு இலட்சம் பேருக்குள் கட்டுப்படுத்தியது. ஆயுத உற்பத்தியை மறைக்க வேண்டியிருந்ததால் 1934ஐ 'கே' என்றும் 1935ஐ 'ஜீ' என்றும் அடித்தார்கள். ஓபர்ன்டோர்ஃபில் இருந்த மவுசர் தொழிற்சாலைக்குப் பெயருக்குப் பதிலாக 'எஸ் 42'. பிறகு வருடத்தை வெளிப்படையாக அடித்தார்கள். தொழிற்சாலையின் பெயர் மட்டும் மூன்று எழுத்துக்குள் ஒளிந்துகொண்டது. 'பீ-வை-எஃப் 44' என்றால் அதே ஓபர்ன்டோர்ஃப், 1944.

இலங்கையில் பழைய கெடெட்காரர்கள் தூக்கிய திரீ நொட் திரீயில் இந்த ஒளிவு குறைவு. கட்டையும் இரும்பும் சேருகிற கழுத்தின் வலப்பக்கத்தில் கிரீடம், அரசரின் எழுத்து, தொழிற்சாலை, வருடம் என்று வரிசையாக இருக்கும். அங்கும் 'ஜீ ஆர்' என்பதை மட்டும் நம்ப முடியாது. 1910இல் வந்த ஐந்தாம் ஜோர்ஜும் அதுதான், 1952 வரை இருந்த ஆறாம் ஜோர்ஜும் அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோவியத் படை கைப்பற்றிய ஜேர்மன் துவக்குகளைக் கழற்றி, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டி வைத்தார்கள். பல துவக்குகளில் போல்ட்டின் பழைய இலக்கத்தை வெட்டிவிட்டுப் புதியதைப் பொறித்தார்கள். அதனால் ஒரு அடையாளம் சொல்வதை மற்ற அடையாளங்களிடமும் கேட்டுத்தான் முடிவுக்கு வரவேண்டும். வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரங்களை ஒப்பிடுங்கள் என்று நாங்கள் சொல்வதும் இதைத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு 'பீ-சீ-டீ' என்ற எழுத்துக்கு வருவோம். அது வைமாரில் இருந்த குஸ்ட்லொஃப் தொழிற்சாலை. அதே கம்பனி 1943இல் புக்கன்வால்ட் வதைமுகாமை ஒட்டி இன்னொரு தொழிற்சாலையைத் திறந்து, கைதிகளை வைத்துத் துவக்கு வேலை வாங்கியது. 1944 ஓகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டபோது நூற்றுக்கணக்கான கைதிகள் மாண்டார்கள். 'பீ-என்-ஸெட்' என்றால் ஒஸ்திரியாவின் ஸ்டையர். அதற்காகக் கூசன் முகாமின் கைதிகள் துவக்குப் பாகங்கள் செய்தார்கள்.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். துவக்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் போனுக்குள் மட்டும் கேட்பதற்கு அல்ஹம்துலில்லாஹ். ஆனால் துவக்கு என்றால் சுடுகிறவனும் விழுகிறவனும் மட்டும்தான் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. பட்டினியோடு நின்று அதைச் செய்தவனும் இருக்கிறான்.

"விளையாடாதே" என்று சொல்லிப் பார்த்துவிட்டோம், பலன் குறைவு. பெற்றோர்களே, இன்றிரவு இந்த மூன்று எழுத்தைப் பற்றி உங்கள் பிள்ளையிடம் பேசிப் பாருங்கள்.