கச்சான் வீசும் வீதி

கொழும்பில் தொடங்கும் ஏ4 வீதி இரத்தினபுரி, பெரகலை, வெல்லவாய, புத்தல என்று சுற்றி மொனராகலைக்கு வருகிறது. அங்கிருந்து கிழக்கே இறங்கிப் பொத்துவிலில் கடலைத் தொட்டு, கரையோரமாக வடக்கே போய் மட்டக்களப்பில் முடிகிறது. முழு நீளம் சுமார் 430 கிலோமீற்றர். அதில் மொனராகலைக்குக் கிழக்கே உள்ள துண்டுதான் எங்கள் தோட்டத்து ஆட்கள் கடல் பார்க்கப் போகும் வழி. இந்த வழியில் எந்தக் கரை அழகு என்று கேட்பவர், முதலில் எந்த மாதம் போகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. ஈரம் வற்றி ஊவாப் பக்கம் இறங்கும் அந்த வறண்ட காற்றை மட்டக்களப்பார் கச்சான் என்பார்கள். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வரும் தனி வாசம் இந்தக் காற்று தந்தது. ஏலத்தில் அதற்கு நல்ல பெயர். ஆனால் அந்த மாதங்களில் கொழுந்து குறையும், கொழுந்தோடு வேலை நாளும் குறையும். மொனராகலையில் குளங்கள் வற்றும். மலையை இப்படிக் காயவைக்கும் காற்றுதான் கரையைக் கடந்ததும் கடலை அடக்கி வைக்கிறது.

மொனராகலை நகரை விட்டு இறப்பர் தோட்டங்கள் பின்னால் போனதும் வீதி சமவெளிக்கு வந்துவிடுகிறது. சியம்பலாண்டுவைச் சந்தியில் அம்பாறை வீதி இடப்பக்கம் பிரியும். நாம் நேரே போக வேண்டும். அடுத்து லகுகலை. இலங்கையின் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று இது. சுற்றுக்காடு காயும்போது இங்குள்ள குளத்தின் நீருக்கும் அதில் வளரும் புல்லுக்கும் யானைகள் கூட்டமாக வரும். பஸ் ஜன்னலிலிருந்தே அவற்றைப் பார்த்தவர்கள் பலர். மாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகத்தான் கடப்பார்கள்.

மொனராகலையிலிருந்து சுமார் 70 கிலோமீற்றரில் பொத்துவில். பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர். தெற்கே சில கிலோமீற்றரில் அறுகம்குடா. தென் இந்து சமுத்திரத்தில் எங்கோ தொலைவில் எழும் அலை, இங்குள்ள முனையைச் சுற்றி வளைந்து நீளமாக உடைகிறது. தரையிலிருந்து வீசும் கச்சான் அந்த அலையின் முகத்தை மழமழவென்று ஆக்கிவிடும். பலகையில் சறுக்குகிறவர்கள் உலகெங்குமிருந்து மே முதல் அக்டோபர் வரை வருவது இதற்காக. நீந்தத் தெரியாதவர்கள் முனைப் பக்கம் போகாமல், மீன்பிடி வள்ளங்கள் ஒதுங்கும் வளைவுக்குள் கால் நனைப்பதே நல்லது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரை அடித்துப் போனது, பாலத்தையும் உடைத்தது. இப்போதிருப்பது அமெரிக்க உதவியில் பிறகு கட்டிய பாலம்.

இன்னும் தெற்கே பாணமையும் அதற்கு அப்பால் உகந்தை முருகன் கோயிலும் இருக்கின்றன. கடலைப் பார்த்த பாறை, சின்னக் கோயில், ஆளரவமற்ற மணல். ஆடி உற்சவ காலத்தில் மட்டும் இந்த அமைதி கலையும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்து வரும் பாதயாத்திரிகர்கள் இங்கே தங்கி, குமண, யால காடுகளுக்குள் இறங்கிக் கதிர்காமம் போகிறார்கள். கதிர்காமம் மொனராகலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. நாங்கள் கடலைத் தேடிப் போகும் வீதியில் அவர்கள் எதிர்ப்பக்கமாக எங்கள் மாவட்டத்துக்கு வருகிறார்கள். இரண்டு பயணத்துக்கும் ஏற்ற பருவம் ஒன்றே.

பொத்துவிலுக்கு வடக்கே கோமாரி, பிறகு திருக்கோவில். இங்கே கரை முழுக்கச் சித்திரவேலாயுத சுவாமி கோயிலுக்கு உரியது. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கடலில் தீர்த்தமாடுவார்கள். விடுமுறைக்கு வந்தவர் அன்று இங்கே நின்றால், கடற்கரை என்பதற்கு இன்னொரு பொருள் விளங்கும்.

அக்கரைப்பற்று தாண்டி ஒலுவில். 2013இல் திறந்த துறைமுகம் இங்கே இருக்கிறது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அலைதாங்கிச் சுவர் அதை மறித்ததும் துறைமுக வாயில் மணலால் அடைபட, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தென்னைகளும் காணிகளும் போயின, கரைவலை இழுக்க இடமும் குறைந்தது. அழகான கரை எப்படிக் காணாமல் போகிறது என்று பார்க்க விரும்புகிறவர் இங்கே இறங்கலாம்.

அடுத்த ஊர் காரைதீவு, சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். பிறகு சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை என்று ஊரும் ஊரும் ஒட்டிக்கொண்டே போகும். சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். இறந்தவர்களில் பெரும்பகுதியினர் இந்த நெருக்கமான கரையோரக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். ஆகவே இங்கே கடற்கரையில் நின்று சிரித்துப் படம் எடுக்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை.

கல்லாறு, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி கடந்து கல்லடி. மாலையில் மட்டக்களப்பு நகரமே காற்று வாங்க வரும் கரை இது. 1924இல் கட்டிய பழைய லேடி மானிங் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் வாவியைக் கடக்கின்றன. அக்கரையில் ஏ4 முடிகிறது. குடும்பத்தோடு இறங்கிக் குளிக்க ஆழமில்லாத கடல் வேண்டுமென்றால், இன்னும் வடக்கே பாசிக்குடா வரை போக வேண்டும்.

நவம்பர் முதல் வாடை எழுந்து, கரை எங்கும் அலை முட்டி, வள்ளங்கள் மேலே ஏறிவிடும். தோட்டங்களில் கையில் பணமும் லீவும் சேர்ந்து வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். வாடகைக்கு வான் பிடித்துக் கடல் பார்க்க வரும் எங்கள் சனம், கடல் குளிக்க விடாத நாட்களில்தான் பெரும்பாலும் வந்து நிற்கிறது. பயணத்துக்குச் சீட்டுப் பிடிப்பவர்கள் சித்திரைப் புத்தாண்டையோ கதிர்காமக் கொடியேற்றத்தையோ கணக்கில் வைத்துப் பிடித்தால், போன காசுக்குக் கடலில் இறங்கவாவது முடியும்.