95 சீட்டு, சாப்பாடு ஃப்ரீ!

கன்னியாகுமரி டூர்னா சன்ரைஸ், திருவள்ளுவர் சிலை, சோவி மாலைன்னு முடிச்சிட்டு ரயில் ஏறிடுறீங்கதானே? இந்தத் தடவை ஒரு நாள் எக்ஸ்ட்ரா போட்டு நெய்யூர் பக்கம் வாங்க. திங்கள்நகர்ல பஸ் பிடிச்சு கருங்கல், புதுக்கடைன்னு போனா பார்த்திவபுரம் வரும். அங்கே இருக்கிற விஷ்ணு கோயிலுக்கு 1,150 வயசு தாண்டிடுச்சு!

அதைக் கட்டினவர் ஆய் மன்னர் கருநந்தடக்கன். வருஷம் கி.பி. 866. 'ஆய்னா யாருப்பா?'ன்னு முழிக்காதீங்க. பொதிகை மலையை ஆண்ட ஆய் அண்டிரன் புறநானூற்றுலயே இருக்கார். 2-ம் நூற்றாண்டுல கிரேக்க தாலமி எழுதின புவியியல் நூல்ல குமரிப் பக்கம் 'ஆயோய்' நாடு வருது. அதே நூல்ல சிந்து நதிப் பக்கம் 'இந்தோ-சித்தியா'. மத்திய ஆசியாவுல இருந்து இடம்பெயர்ந்து வந்து ராஜ்ஜியம் அமைச்ச சகர்கள் பூமி அது. பேப்பர்லயும் காலண்டர்லயும் பார்க்கிற 'சக ஆண்டு' அவங்க பேர்லதான் ஓடுது.

நம்ம ஆய்களும் வந்தவங்கதான்னு ஒரு கதை உண்டு. ஆய்கள் வேளிர் குலம். துவாரகையில இருந்து 18 குடி வேளிரை அகத்தியர் கூட்டிட்டு வந்தார்ங்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஆனா, அவர் எழுதினது சங்க காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் பின்னாடி. சகர்களுக்கு நாணயமும் ஜூனாகத் கல்வெட்டும் சாட்சி. இங்கே கதை மட்டும்தான். 'யார் மண்ணின் மைந்தன், யார் வந்தேறி'ன்னு கேன்டீன்ல சண்டை போடுறதுக்கு முன்னாடி இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கங்க பாஸ்!

இனிதான் மேட்டரே. முஞ்சிறை சபைகிட்ட மாற்று நிலம் கொடுத்து இந்த இடத்தை வாங்கின மன்னர், கோயிலோட ஒரு 'சாலை'யும் ஆரம்பிச்சார். அதாவது, தங்கிப் படிக்கிற காலேஜ். காந்தளூர்ச் சாலைதான் மாடல். செப்பேட்டுல சீட் கணக்கு பக்கா: வேதப் பிரிவு வாரியா 45, 36, 14. ஆக மொத்தம் 95. இலக்கணம் தெரியணும், மூன்று அரசுகளோட நடைமுறையும் தெரியணும். ஆயுதத்தோட உள்ளே வரக்கூடாது, அடிதடின்னா அபராதம். நம்ம ஹாஸ்டல் ரூல்ஸ் மாதிரியே இல்லே?

ஆனா, அந்த 95-ம் வேதம் ஓதுற அந்தணப் பையன்களுக்கு மட்டும். உங்கள்ல, எங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அங்கே அப்ளிகேஷன் ஃபார்மே கிடைச்சிருக்காது. பொண்ணுங்களுக்கு சுத்தமா நோ!

அதனால, சாயங்காலத்துக்கு மார்த்தாண்டம் வழியா சிதறால் மலைக்கு ஏறிடுங்க. பாறையில வரிசையா சமணத் தீர்த்தங்கரர்கள். ஆய் மன்னர் விக்கிரமாதித்த வரகுணனோட 28-வது ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒண்ணு இங்கே இருக்கு. பொன் அணிகலன் தானம் கொடுத்தது குணந்தாங்கிக் குரத்தி. குரத்தின்னா பெண் ஆசிரியர்!

சேரருக்கும் பாண்டியருக்கும் நடுவுல சிக்கி ஆய் ராஜ்ஜியம் காணாமப் போச்சு. ராஜாவைத் தேடிப் போற நீங்க, அந்த டீச்சரையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. தண்ணி பாட்டில் மறக்காதீங்க, ஏத்தம் கொஞ்சம் ஜாஸ்தி!