அளவோடு குடிக்கலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கிறிஸ்தவன் மது அருந்தலாமா? இக்கேள்விக்கு எங்கள் குடும்பத்திற்குள்ளேயே இரண்டு விடைகள் உண்டு. என் தந்தை வழியினர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். மதுவைத் தொடுவதே பாவம் என்பது எங்கள் ஆச்சியின் தீர்ப்பு. தாய் வழியினர் கத்தோலிக்கர். குடிவெறிதான் பாவம், அளவோடு அருந்துவது பாவமன்று என்பார் என் தாய்மாமா. இவ்விருவரும் சந்தித்துக்கொண்டால் விவாதம் எழாமல் இராது. விடுதி நண்பர்களோ வேறு பக்கத்திலிருந்து என்னை மடக்குவார்கள். "உங்கள் இயேசுவே கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சரசமாக்கிக் கொடுத்தாராமே, அப்புறம் உனக்கு என்னடா?" என்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் இன்றும் பனையேறுகிறார். "படிச்சவன் நீ சொல்லுடே" என்று ஆச்சி என்னையே நடுவராக்கிவிட்ட பிறகு, நான் தேடிப் படித்தவற்றையும் கண்ணால் கண்டவற்றையும் இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலில் வேதாகமத்தைப் பார்ப்போம். அதில் மதுவைப் பற்றி ஒரே குரல் கேட்பதில்லை. இறைவன் தந்த நன்மைகளுள் ஒன்றாகத் திராட்சரசத்தைச் சங்கீதம் எண்ணுகிறது. நோவா குடித்து மயங்கி ஆடையின்றிக் கிடந்ததை ஆதியாகமம் மறைக்கவில்லை. நசரேய விரதம் பூண்டவர் திராட்சைப் பழத்தைக்கூட உண்ணலாகாது. தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்ன அதே பவுல், எபேசு சபையாருக்கு எழுதும்போது மதுவெறி ஆகாதென எச்சரிக்கிறார்.

கானாவூரில் ஆண்டவர் செய்தது புளிக்காத பழச்சாறு என்று ஆச்சியின் கட்சியினர் கூறுவதுண்டு. நம் மொழியில் 'ரசம்' என்ற சொல் சாற்றுக்கும் பொருந்துவதால் இவ்வாதம் எளிதில் எடுபடுகிறது. ஆனால் புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில், கானாவூர்ச் செய்தியிலும் எபேசியருக்கான எச்சரிக்கையிலும் வருவது 'ஓய்னோஸ்' என்னும் ஒரே சொல்தான். வெறியூட்டாத ஒன்றைக் குறித்து எச்சரிக்க வேண்டியதில்லை அல்லவா?

நான் கற்கும் வேதியியலும் இதையே சொல்கிறது. பனம்பாளையில் வடியும் சாறு ஒன்றுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தால் அது பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்டின் வேலையைத் தடுக்கிறது. தடை இல்லையேல் ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைத்து எத்தில் ஆல்கஹாலாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் மாற்றிவிடும். என் தந்தையார் இச்சமன்பாட்டை அறியார். ஆனால் எவ்வளவு சுண்ணாம்பு வேண்டுமென்று அவர் விரலுக்குத் தெரியும். திராட்சைச் சாற்றின் கதையும் இதுவே. குளிர்பெட்டி இல்லாத காலத்தில், வெப்பமான நாட்டில், பிழிந்த சாற்றை நெடுநாள் புளிக்காமல் வைத்திருப்பது அரிது. ஆகவே கானாவூரைப் பொறுத்தவரை மாமாவின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஆனால் ஆச்சியின் கொள்கை காரணமின்றிப் பிறந்ததன்று. காய்ச்சி வடித்த மது வகைகள் மலிந்து, ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்டுதான் 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர் பலர் முழு மதுவிலக்கைக் கைக்கொண்டனர். அயர்லாந்தின் கார்க் நகரில் 1838இல் மக்களை 'இனித் தொடுவதில்லை' என்று உறுதிமொழி எடுக்கச் செய்த தியோபால்ட் மேத்யூ ஒரு கப்புச்சின் துறவி, அதாவது கத்தோலிக்கர். இதை மாமாவிடம் கூறியபோது ஆச்சிக்குத்தான் மகிழ்ச்சி அதிகம். அமெரிக்காவில் திருச்சபையினர் பலரின் முயற்சியால் 1920இல் நாடெங்கும் மதுவிலக்குச் சட்டம் வந்தது. கள்ளச் சரக்கும் அதை விற்கும் கூட்டமும் பெருகின. 1933இல் சட்டம் நீக்கப்பட்டது.

இவையெல்லாம் ஏட்டறிவு. இக்கேள்வி எனக்கு உயிர்ப் பிரச்சினையானது என் சித்தப்பாவால். அவரும் பனையேறியவரே. பனைத்தொழிலில் வருவாய் குன்றவே கொத்தனார் வேலைக்கு வெளியூர் சென்றார். உடல்வலிக்கென்று மாலையில் கொஞ்சம் அருந்தத் தொடங்கினார். 'அளவோடுதான்' என்று அவரும் சொன்னார். கூலி போயிற்று, சித்தியின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. முடிவில், காலையில் கைநடுக்கம் நிற்பதற்கே குடிக்கவேண்டும் என்ற நிலை வந்தது. குடிகாரருக்குப் பரலோகம் இல்லை என்ற பிரசங்கத்தைக் கேட்டு அவர் கோயிலில் அழுவார், மாலையில் குடிப்பார். பின்னர் வெட்கத்தால் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பாவம்னு தெரியாமலா மக்கா குடிக்கேன்? நிறுத்தத் தெரியாமத்தான் குடிக்கேன்."

தான் விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல், வெறுக்கும் தீமையையே செய்வதாகப் பவுலும் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் புலம்புகிறார். படிப்பில்லாத என் சித்தப்பாவும் அந்த அப்போஸ்தலரும் ஒரே துயரத்தைத்தான் பேசியிருக்கிறார்கள்! குடிப்பழக்கம் முற்றினால் அது நோய் என்பதை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே ஏற்றுக்கொண்டது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். 'மனசு வைத்தால் நாளைக்கே விட்டுவிடலாம்' என்று நாம் எளிதாகக் கூறும் அறிவுரை எவ்வளவு அறியாமை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். மருத்துவமனையில் சேர்த்து, மருத்துவரின் மேற்பார்வையில்தான் அவரை மீட்டோம்.

அதன்பின் அவரைத் தாங்கியது, ஒரு தேவாலயக் கூடத்தில் வாரந்தோறும் கூடும் குடிநோயாளர் கூட்டம். இவ்வமைப்பு 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பில் வில்சன் என்பவரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்ததிலிருந்து பிறந்தது. இருவருமே குடியால் வீழ்ந்தவர்கள். இருவரும் ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். மதுவின் முன் என் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வதே அங்கு முதற்படி. எந்தச் சமயத்தவரும் அதில் சேரலாம். அங்கே யாரும் யாருக்கும் பிரசங்கிப்பதில்லை. விழுந்தவன் விழுந்தவனுக்குக் கைகொடுக்கிறான். சித்தப்பா இடையில் ஒருமுறை மீண்டும் வழுக்கினார். அவரைத் தேடி வீட்டுக்கு வந்தவர்கள் அக்கூட்டத்தினரே. இன்றைக்கு அவர் குடியை விட்டு ஓராண்டும் எட்டு மாதமும் ஆகின்றன.

அவர் மீண்டும் நற்கருணைக்கு வந்த ஞாயிறன்று எங்கள் உள்ளம் பதைத்தது. ஒரு வாய் மதுவும் அவரைப் பழைய குழியில் தள்ளக்கூடும். ஆனால் எங்கள் கோயிலில் வழங்குவது புளிக்காத திராட்சைச் சாறு. அதன் வரலாற்றைப் பின்னர்தான் படித்தேன். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் மருத்துவர், லூயி பாஸ்டரின் முறையைப் பயன்படுத்தித் திராட்சைச் சாற்றைச் சூடேற்றி, ஈஸ்டை அழித்து, புளிக்காத நற்கருணை ரசத்தை 1869இல் உருவாக்கினார். கலயத்தில் என் தந்தையார் தடவும் சுண்ணாம்பின் வேலையை வெல்ச் வெப்பத்தைக் கொண்டு செய்தார்! கத்தோலிக்கத் திருச்சபையிலும், மது ஆகாத குருவானவர் உரிய அனுமதி பெற்று, பெரும்பாலும் புளிக்காத திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்தலாம் என 2003ஆம் ஆண்டின் வத்திக்கான் சுற்றுமடல் தெளிவுபடுத்துகிறது.

இங்கேதான் ஆச்சியும் மாமாவும் ஒன்றுபடும் இடத்தைக் கண்டேன். ஒரு பொருள் தன்னளவில் குற்றமற்றதாக இருந்தாலும், அதனால் பலவீனனான சகோதரன் இடறுவானாகில் அதை விட்டுவிடுவதே நல்லது என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். 'எனக்கு எவ்வளவு ஆகும்?' என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. 'என் பக்கத்தில் இருப்பவன் யார்?' என்றும் கேட்கவேண்டும். அளவோடு அருந்தும் மாமாவைப் பாவி என்று கூற எனக்கு மனமில்லை. ஆயினும் சித்தப்பா வந்திருக்கும் நாள்களில் மாமா மதுவைத் தொடுவதில்லை. கேட்டால், "எனக்கு ஒரு நாள் இல்லாட்டா ஒண்ணுமில்ல, மச்சானுக்கு அப்படியா?" என்கிறார். வேதம் கூறும் அளவு இதுவே என்று நான் எண்ணுகிறேன்.

என்னைப் பொறுத்தவரை, நான் குடிப்பதில்லை. யார் அளவோடு நிற்பார், யார் அடிமையாவார் என்பதை முதல் குவளையிலேயே கண்டுசொல்லும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை. உடல்நலத்திற்குத் தீங்கற்ற அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவும் 2023இல் அறிவித்திருக்கிறது.

தோழர்களே! என் சமயக் கொள்கையை உங்கள்மீது சுமத்த நான் விரும்பவில்லை. கேட்பதெல்லாம் இரண்டே. குடிநோயில் சிக்கியவரைக் கண்டால் எள்ளி நகையாடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'வேண்டாம்' என்று ஒதுங்கும் நண்பனின் கையில் 'ஒன்றே ஒன்று' என்று சொல்லிக் குவளையைத் திணிக்காதீர்கள். அவன் எதற்காக மறுக்கிறான் என்பதும், அவனுடைய வீட்டில் அவனை நம்பி யார் காத்திருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.