ஆச்சி வீட்டு ஆமிக்காரி

சென்ற ஓகஸ்ட் லீவுக்கு நான் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டு ஆச்சி இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று உம்மா சொன்னார். சுகமில்லையோ என்று கேட்டேன். "சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. கனடாப் பேத்தி வந்திருக்கிறாள். அவள் ஆமியில சேரப் போறாளாம்" என்றார்.

எங்கள் வீடு உருத்திரபுரத்தில் இருக்கிறது. கிளிநொச்சி நகரத்துக்கு மேற்கே, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களும் பழைய சிவன் கோயிலும் உள்ள ஊர். வாப்பா நகரத்தில் இரும்புக்கடை வைத்தபோது வாடகைக்குக் கிடைத்த வீடு இது. ஆச்சியின் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவே கிடுகு வேலிதான். நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போகும். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் இந்தப் பக்கம் வரும். அந்த அளவுக்கு நாங்கள் நெருக்கம்.

ஆச்சிக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. அந்த வீட்டு விறாந்தையில் சின்ன மாமாவின் படம் மாட்டியிருக்கிறது. 2009க்குப் பிறகு அவர் வீடு திரும்பவில்லை. படத்துக்கு மாலை கிடையாது, பொட்டும் கிடையாது. போட்டால் அவர் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ஆச்சியின் எண்ணம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் போராட்டத்தைத் தொடங்கியபோது, ஆச்சியும் இந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போய் இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்து, ரொறன்ரோவில் வளர்ந்த பேத்தி 'ஆமி' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

நான் அக்காவைப் பார்க்கப் போனேன். ஊர்ப் புதினம் அறியும் ஆசைதான் என்று உம்மா நினைத்திருப்பார். எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா சமாதான காலத்தில், 2002 இல், மூன்று வயதில் கனடா போனவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் கோபம் வந்தால் ஆங்கிலம்தான் முந்திக்கொண்டு வரும். அவர் படித்து முடித்த படிப்புக்குப் பெயர் பிசிசியன் அசிஸ்டன்ற். தாதியும் இல்லை, முழு டொக்ரரும் இல்லை. ஒரு டொக்ரரின் மேற்பார்வையில் நோயாளியைச் சோதிப்பார், நோயைக் கண்டுபிடிப்பார், மருந்தும் எழுதுவார். ஆச்சி இதைக் கேட்டுவிட்டு, "எங்கட பழைய அப்போதிக்கரி ஐயா மாதிரியோ?" என்றார். அக்காவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. எனக்கோ ஆச்சி சரியாகத்தான் பிடித்தார் என்று பட்டது. 1870 இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்தே நம் நாட்டில் அப்போதிக்கரிமார் இருந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் உதவி வைத்திய அதிகாரிகள் என்று பெயர் மாறியது. டொக்ரர்மார் வர விரும்பாத கிராமத்து ஆஸ்பத்திரிகளைத் தாங்கியவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்காவில் இந்தத் தொழில் பிறந்த கதையை அக்கா சொன்னார். வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் 1965 இல் டொக்ரர் இயூஜீன் ஸ்டெட் என்பவர் இதற்கான முதல் வகுப்பைத் தொடங்கினார். அவர் சேர்த்துக்கொண்டது நான்கே பேரை. நால்வரும் கடற்படையில் காயக்காரருக்கு மருந்து கட்டிய பழைய சிப்பாய்கள். படைக்குள் அவ்வளவு கைத்தேர்ச்சி பெற்றவர்கள் வெளியே வந்ததும் செய்ய வேலை இல்லாமல் இருந்தார்கள். கிராமங்களிலோ டொக்ரர்மார் இல்லை. 1967 ஒக்டோபர் 6 ஆம் திகதி அவர்களில் மூவர் படிப்பை முடித்தார்கள். "எங்கட தொழில் ஆமிக்குள்ள இருந்துதான் வெளியில வந்தது, தங்கச்சி. நான் திரும்ப உள்ளுக்குப் போறன், அவ்வளவுதான்" என்றார்.

'அவ்வளவுதான்' என்று அவர் சொன்னாலும், ஆச்சி அதை அவ்வளவு இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று பின்னேரம் விறாந்தையில் நடந்த வழக்கை நான் அப்படியே எழுதுகிறேன்.

"துவக்குப் பிடிப்பியோ?" என்று ஆச்சி கேட்டார்.

"பழகத்தான் வேணும், அம்மம்மா. கியூபெக்கில ஒரு முகாம் இருக்கு. முதல் அங்கதான் பயிற்சி. ஆனா மருத்துவ ஆக்கள் தங்களையும் தங்கட நோயாளியையும் காப்பாத்த மட்டும்தான் ஆயுதம் பாவிக்கலாம்."

"எதிராளி காயப்பட்டு வந்தா?"

"அவனுக்கும் பாக்கத்தான் வேணும்."

"ஆருக்கு முதல்?"

இந்தக் கேள்வி வரும் என்று அக்கா எதிர்பார்த்திருக்க மாட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் இதற்கு விடை இருக்கிறது என்றார். காயம்பட்டவர் எந்தப் பக்கத்தவர் என்று பார்க்கக் கூடாது. யாருக்கு அவசரமோ அவருக்குத்தான் முதல் மருந்து. ஆச்சி வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். "எழுதினது நல்லா எழுதியிருக்கினம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு, யாரும் கேட்காமலே, தன் காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 2008 கடைசியில் உருத்திரபுரத்தை விட்டு வெளிக்கிட்டு, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய் மாத்தளனில் ஷெல் துண்டு பட்ட கதை. எந்தப் பக்கத்து ஷெல் என்று ஆருக்குத் தெரியும் என்றார். அங்கே பள்ளிக்கூடக் கட்டிடந்தான் ஆஸ்பத்திரி. மயக்க மருந்து தட்டுப்பாடு. கட்டுத் துணிக்குச் சீலையைக் கிழித்துக் கொடுத்தாராம். ஏப்ரலில் சனத்தோடு சனமாக மற்றப் பக்கம் வந்தபோது புண் மணக்கத் தொடங்கிவிட்டது. அங்கே ஒரு ஆமிக்கார மருந்துகட்டுறவன் மண்ணில் முழங்காலில் இருந்து அதைக் கழுவிக் கட்டினானாம்.

"சின்னப் பெடியன். அம்மே, அம்மே எண்டு கொண்டிருந்தான். அவன்ர கை நடுங்கினது. நான் அவன்ர முகத்தைப் பாக்கேல்ல. மண்ணைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

இதை ஆச்சி நன்றியாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. சின்ன மாமாவின் படம் தலைக்கு மேலே இருந்தது. அக்கா அழுதார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆச்சிக்குக் கண்ணீர் வரவில்லை.

இனி என் காரணத்தைச் சொல்ல வேண்டும். என் உயிரியல் கொப்பிக்குள் ஒரு பேப்பர் துண்டு மூன்று மாதமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் பழைய விளம்பரம். அங்கே 2009 இலிருந்து மருத்துவ பீடம் இருக்கிறது. பயிலிளவல் அதிகாரியாகச் சேர்ந்தால் கட்டணம் இல்லை. படித்து முடித்ததும் படையில் வைத்தியராகக் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும். உயிரியல் பிரிவில் படிக்கும் எல்லோருக்கும் தெரியும், பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி என்ன சுவர் என்று. ஒரு புள்ளியின் ஒரு துளியில் வாசல் மூடிவிடும். வாப்பாவின் இரும்புக்கடை என்னை வெளிநாட்டுக்கு அனுப்பும் கடை அல்ல. மூடிய வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்திருந்தால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

இதை உம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. உம்மாவுக்கு 1990 ஒக்டோபர் 30 அன்று ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கையில் கொண்டுபோக அனுமதித்தது 150 ரூபா. உம்மாவின் காதுப்பூவைக் கழற்றி வாங்கியவரும் ஒரு சீருடைக்காரர்தான். ஆனால் அது வேறு சீருடை. அன்றிலிருந்து உம்மாவுக்குத் துவக்கு வைத்திருக்கும் யாரைக் கண்டாலும் கை தானாகக் காதுக்குப் போகும். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினால் நான் அதைத்தான் கவனிப்பேன்.

எனக்குள்ளும் கேள்வி இருந்தது. 2012 இல் கிளிநொச்சியில் நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டபோது ஊர் எப்படிப் பேசியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வறுமையைப் பார்த்தவர்கள் ஒரு மாதிரியும், சீருடையைப் பார்த்தவர்கள் இன்னொரு மாதிரியும் பேசியிருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் அக்காமார் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நானே அந்த உடுப்போடு ஆச்சியின் விறாந்தைக்கு ஏறினால், ஆச்சி என் முகத்தைப் பார்ப்பாரா, மண்ணைப் பார்ப்பாரா?

இஸ்லாம் பாட ஆசிரியை வகுப்பில் ருபைதா அல் அஸ்லமிய்யாவைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. அகழ்ப் போரில் காயம்பட்ட சஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களுக்கு மதீனாப் பள்ளிவாசலில் இருந்த அவரது கூடாரத்தில்தான் வைத்தியம் நடந்தது. பெண் போர்க்களத்துக்கு மருந்தோடு போகலாமா என்ற கேள்விக்கு அது போதும். எந்தப் படையோடு போவது, யார் சொல்லுக்குக் கீழே நிற்பது என்ற கேள்வி எனக்கு அப்படியே இருந்தது.

அக்கா போகும் நாள் காலையில் ஆச்சி குழல் புட்டு அவித்து, ஒடியற்கூழுக்கு ஒடியல் மாவும் கட்டிக் கொடுத்தார். வான் வெளிக்கிடும்போது அக்காவின் தலையைத் தடவி, "போற இடத்தில ஆரும் அம்மா எண்டு கூப்பிட்டுக் கத்தினா, அவை ஆரெண்டு கேக்காத" என்றார். சம்மதம் தந்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. மத்தியானம் சோறு சாப்பிட்டார்.

அன்றிரவு அந்தப் பேப்பர் துண்டை எடுத்து உம்மாவிடம் கொடுத்தேன். உம்மா குப்பி விளக்கில் படிக்கும் பழக்கம் விடாதவர் போல, மின்குமிழுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். கை காதுக்குப் போனது. ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"இதில உயரம் கேட்டிருக்கே, நீ அவ்வளவு இருப்பியா?" என்றார்.

தெரியாது என்றேன். உம்மா வாப்பாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"செருப்பைக் கழட்டிப் போட்டு, அந்தக் கதவு நிலையோட நேரா நில்லு பாப்பம்."