திருத்தியவரின் பெயரும் அமானிதமே



தக்கலையில் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவுக்காகத் தொழுகை நேரம் கணிக்கும் சிறு நிரலொன்றை எழுதியிருந்தேன். அஸருக்கு, பொருளின் உயரத்துடன் நண்பகல் நிழலையும் கூட்ட வேண்டும், அதை விட்டுவிட்டேன். நேரம் வருமுன்பே அஸர் என்று காட்டிற்று. முன்னாள் மாணவர் ஒருவர் பிழையைக் கண்டு, திருத்தத்தைப் ‘பேட்ச்’ கோப்பாக அனுப்பினார்.

‘கிட் அப்ளை’ கட்டளையைச் ‘செக்’ என்ற தெரிவுடன் இயக்கி, திருத்தம் பொருந்துவதை உறுதிசெய்தபின் இணைத்துப் பதிந்தேன். பிழை நீங்கிற்று. ஆனால் பதிவேட்டில் ஆசிரியராக நின்றது என் பெயர்! கோப்பின் தலைப்பில் அவர் பெயர் இருந்தும், அக்கட்டளை வரிகளை மட்டுமே மாற்றும்.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸுக்காகக் கிட்டை உருவாக்கினார். லினக்ஸ் திருத்தங்கள் மின்னஞ்சலில் வருபவை. அவற்றை ஏற்க ‘கிட் ஏ.எம்.’ என்னும் கட்டளை உண்டு. ‘ஃபார்மட்-பேட்ச்’ மூலம் ஆக்கிய கோப்பிலுள்ள பெயர், தேதி, காரணக் குறிப்பு ஆகியவற்றை அது அப்படியே காக்கும். இணைத்தவர் பெயரைத் தனியே குறிக்கும்.

ஹதீஸ் பாடத்தில், “யார் அறிவித்தார்?” என்று பிள்ளைகளிடம் நாள்தோறும் கேட்பவன் நான். அறிவிப்பாளர் வரிசையில் ஒரு பெயரை விடுவது எத்தகைய குறை என்று போதிப்பவனே அதைச் செய்திருந்தேன். பதிவை நீக்கி, ‘கிட் ஏ.எம்.’ கொண்டு மீண்டும் இணைத்தேன். மாணவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

“பெயர் எதற்கு உஸ்தாத்? நேரம் சரியானால் போதும்” என்றார்.

பெயர் வேண்டாமென்பது அவருடைய இக்லாஸ். அதைக் காப்பது என்மீதுள்ள கடமை.